அரை சென்ட் வரி

சேண்ட் ப்ளஃப் ஊரை ரயில்பாதை குறுக்கே அறுத்து இரண்டாகப் போட்டிருந்தது. வடக்கே நகர்மன்றம், ஆஸ்பத்திரி, பெரிய தீயணைப்பு நிலையம். தெற்கே தானியக் கிடங்கு, கோழி ஆலை, அந்த ஆலையில் வேலை செய்கிறவர்களின் மரவீடுகள், அப்புறம் ட்வைலா ப்ரூவிட் இருபத்தாறு வருஷமாக பில் போடுகிற மளிகைக் கடை. நூறு பெட்டி கோத்த கூட்ஸ் வண்டி ஒன்று வந்து நின்றால் ஊரின் மூன்று ரயில்வே கேட்டையும் ஒன்றாக அடைத்துக்கொள்ளும். அரை மணியும் நிற்கும், முக்கால் மணியும் நிற்கும். அந்த நேரத்தில் தெற்கே ஒரு வீடு பற்றிக்கொண்டால், ஒரு கிழவருக்கு நெஞ்சு அடைத்தால், வடக்கிலிருந்து வருகிற வண்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சங்கு ஊதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால்தான் தெற்கே இரண்டாம் நிலையம் என்று ஒன்று இருந்தது. ஒரே ஒரு வண்டி, முறைக்கு மூன்று ஆள். ட்வைலாவின் புருஷன் ராய்ஸ் அங்கே லெப்டினன்ட். ஒரு நாள் முழுக்க வேலை, இரண்டு நாள் வீடு.

ஓக்லஹோமாவில் ஊராட்சி நடப்பது விற்பனை வரியில். வீட்டு வரி பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். போலீஸ்காரன் சம்பளம், ரோட்டுப் பள்ளம், தெருவிளக்கு, தீயணைப்பு எல்லாமே கடையில் சனங்கள் வாங்குகிற பாலிலும் முட்டையிலும் டயரிலும் இருந்துதான் வரவேண்டும். மாசாமாசம் மாநிலத்திலிருந்து செக் வரும். அது கொழுத்து வந்தால் மேயர் முகத்தில் சிரிப்பு இருக்கும். இளைத்து வந்தால் பூங்காவில் புல் வெட்டமாட்டார்கள்.

அந்த ஜனவரியில் செக் ரொம்பவே இளைத்துப்போயிருந்தது. மேயர் வெண்டல் ஸ்ட்ரூப் கடைக்கு வந்தார். ட்வைலாவோடு ஒன்றாகப் பள்ளியில் படித்தவர், இன்சூரன்ஸ் விற்கிறவர். ஒரு சூயிங்கம் பொட்டலத்தை பில் மேடையில் ஓடுகிற ரப்பர் பட்டையில் வைத்துவிட்டு, பின்னால் ஆள் இல்லாததைப் பார்த்துக்கொண்டார்.

"ட்வைலா, ஒரு ஒத்தாசை வேணும்."

"சூயிங்கம்மைத் திருப்பி எடுத்துக்கணும்னா முடியாது. பில் போட்டாச்சு."

"அது இல்ல. வர்ற ஏப்ரல்ல அரை சென்ட் வரிக்கு ஓட்டெடுப்பு வைக்கிறோம். நூறு டாலர் சாமானுக்கு ஐம்பது சென்ட்டு. வருஷத்துக்கு ஏழு லட்சம் தேறும். அது வந்தா தெக்கு ஸ்டேஷன் நிக்கும். வரலைன்னா மூட வேண்டியதுதான்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"நான் போய்க் கேட்டா தெக்குல எவன் போடுவான்? என் மூஞ்சியைப் பார்த்தாலே கதவைச் சாத்துவான். உன் மூஞ்சியைத்தான் அவங்க தினம் பார்க்கறாங்க. யாருக்கு சர்க்கார் கொடுக்கற சாப்பாட்டு ஸ்டாம்ப் அட்டையில பணம் பத்தலையோ அவங்க பால் டப்பாவுக்கு நீ உன் பையில இருந்து போடறே. அது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்."

"எல்லாக் காசும் ஸ்டேஷனுக்குத்தானா, வெண்டல்?"

"ஒவ்வொரு காசும்," என்றார் மேயர், நெஞ்சில் கைவைத்து.

அன்று சாயங்காலம் ராய்ஸிடம் சொன்னாள். அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "போ, போய்ச் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க," என்றான். அப்போது அவனும் அதைத்தான் நம்பினான். அந்தமட்டும் அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது.

ட்வைலாவின் படம் போட்டுத் துண்டறிக்கை அடித்தார்கள். கடை ஏப்ரனோடு, தலைமுடியை வாரி முடிந்து, கொஞ்சம் கூச்சமாகச் சிரிக்கிற படம். 'தெற்கைக் காப்பாற்றுங்கள்' என்று மேலே சிவப்பில் போட்டிருந்தது. வேலை முடிந்து தினம் ஒரு தெரு. பிப்ரவரியில் பனிமழை பெய்து படியெல்லாம் கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. நாய்கள் குரைத்தன. கோழி ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள் எழுந்துவந்து முகத்தைச் சுளித்தார்கள். ஒரு டிரெய்லர் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து முழங்கால் பூசணிபோல வீங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து நொண்டிக்கொண்டே மீண்டும் கிளம்பினாள்.

மாரிசெலா ஓச்சோவா வீட்டில் லேசில் ஆகவில்லை. ஆலையில் கோழி எலும்பு எடுக்கிற வேலை அவளுக்கு. ஆறு வயசுப் பெண்குழந்தைக்கு இழுப்பு. போன குளிர்காலத்தில் மட்டும் நான்கு தடவை ராய்ஸும் அவன் ஆட்களும் வந்து ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கையைக் கட்டிக்கொண்டாள்.

"மிஸ் ட்வைலா, எனக்கு வாரத்துக்கு நூத்தம்பது டாலருக்கு மளிகை ஆகுது. நீங்கதானே பில் போடறீங்க. ஏற்கெனவே உப்புக்கும் வரி, மாவுக்கும் வரி. பணக்காரன் வாங்கற முட்டைக்கும் அதே வரி, நான் வாங்கற முட்டைக்கும் அதே வரி."

"ஆமா. அது நியாயம் இல்லதான்."

"அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?"

"உன் பொண்ணுக்கு மூச்சு இழுக்கறப்ப கேட்டுல வண்டி நின்னா என்ன பண்ணுவே? இந்தக் காசு அந்த ஸ்டேஷனுக்கு மட்டும்தான். நான் கேட்டுட்டேன். ஒவ்வொரு காசும்."

"யாரைக் கேட்டீங்க?"

"மேயரை."

மாரிசெலா சிரித்தாள். "மேயர் சொன்னா நான் போடமாட்டேன். நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்."

"சரி, போடறேன்," என்றாள்.

வரி அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தது. வடக்கே தோற்று, தெற்கே ஜெயித்தது. ட்வைலா பெக்கான் கொட்டை போட்ட 'பை' பலகாரம் மூன்று சுட்டு எடுத்துக்கொண்டு இரண்டாம் நிலையத்துக்குப் போனாள். பையன்கள் அவளைத் தூக்கி வண்டியின் முன் இருக்கையில் உட்காரவைத்து சங்கை அழுத்தச் சொன்னார்கள். ராய்ஸ் கொஞ்சம் தள்ளி நின்று, குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கூட்டம் பிடிக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஜூன் இரண்டாம் வாரம் கோதுமை அறுப்பு. லாரிகள் தானியக் கிடங்கின் முன்னால் வரிசைகட்டி நின்றன. புழுதியும் உமியும் காற்றில் பறந்து கடையின் கண்ணாடிக் கதவில் மாவு பூசினதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. வெயில் நூறு டிகிரியைத் தாண்டிவிட்டது. அறுப்புக்காரர்கள் ஐஸ் மூட்டையும் ரொட்டியும் வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் ஆர்டித் கோல்பர்ன் வந்தாள். தானியக் கிடங்கில் நாற்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். கையில் அந்த வாரத்துப் பத்திரிகை. பின்பக்கம் சின்ன எழுத்தில் பட்ஜெட் அச்சாகியிருந்தது. அந்தப் பக்கத்தை ஊரில் படிக்கிற ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

"ஏ பொண்ணு, இதைப் பார்த்தியா?"

"எனக்கு எங்க நேரம், மிஸ் ஆர்டித்? காலையில இருந்து ஐஸ் தூக்கித் தூக்கி கை மரத்துப்போச்சு."

"கண்ணு மரத்துப்போகலையே? பாரு." ஆர்டித் நகத்தால் ஒரு வரியைக் கீறினாள். "தீயணைப்புக்கு போன வருஷம் பொதுப் பணத்துல இருந்து இருபத்தொரு லட்சம். இந்த வருஷம் எட்டு லட்சம்."

"புது வரிப் பணம் இருக்கே."

"இருக்கு. ஏழு லட்சம், தனியா கீழ போட்டிருக்கான். ரெண்டையும் கூட்டு."

"பதினஞ்சு."

"இருபத்தொண்ணு எங்கே, பதினஞ்சு எங்கே? மேல புது வாளித் தண்ணியை ஊத்திட்டு, கீழ ஓட்டை போட்டு ரெண்டு வாளி எடுத்திருக்கான். அது எங்க போகுதுன்னும் போட்டிருக்கான், பாரு. நெடுஞ்சாலை வணிக வளாகம், கடன் தவணை. பதிமூணு லட்சம்."

அந்த வளாகத்தை ட்வைலாவுக்குத் தெரியும். வடக்கே நெடுஞ்சாலையோரம் ஊர் கடன் வாங்கி ரோடும் தண்ணீர்க் குழாயும் போட்டுக்கொடுத்தது. பத்துக் கடை வரும், வரி கொட்டும் என்றார்கள். மூன்று கடை வந்தது. மீதி வெறும் கண்ணாடியாக வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

"அப்போ தெக்கு ஸ்டேஷன்?" என்றாள் ட்வைலா.

ஆர்டித் அடுத்த வரியைக் காட்டினாள். 'நிலையம் எண் 2' என்று இருந்தது. போன வருஷத்துக் கட்டத்தில் தொகை. இந்த வருஷத்துக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ட்வைலா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போனாள். மேயர் தன் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். பத்திரிகையைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உக்காரு ட்வைலா. தேநீர் குடிக்கிறியா, ஐஸ் போட்டு?"

"ஒவ்வொரு காசும்னு சொன்னே."

"சொன்னேன். ஒவ்வொரு காசும் பொதுப் பாதுகாப்புக்குத்தான் போகுது. ஓட்டுச் சீட்டுல அப்படித்தான் போட்டிருந்துச்சு. தெக்கு ஸ்டேஷன்னு போடல."

"நீ உன் வாயால சொன்னே, வெண்டல்."

"வாயால நான் எத்தனையோ சொல்றேன். இன்சூரன்ஸ் விக்கிறவன்." சிரிக்கப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இங்க பாரு. கடன் தவணை கட்டலைன்னா ஊரு பேரு கெட்டுப்போகும். நாளைக்கு எவனும் ஒரு டாலர் கடன் தரமாட்டான். அரை சென்ட் தோத்திருந்தா வடக்கு ஸ்டேஷனுலயும் பாதி ஆளை அனுப்பியிருக்கணும். நீ அதைக் காப்பாத்தியிருக்கே. அதை நினைச்சுப் பாரு."

"என்கிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே. ஓட்டுக்கு முன்னாடி."

மேயர் கண்ணைச் சுருக்கினார். அந்த ஆச்சரியம் நிஜமாகத்தான் இருந்தது.

"ராய்ஸ் சொல்லலையா?"

ட்வைலா கையிலிருந்த பத்திரிகையை மடித்தாள்.

"அவனுக்குச் சொன்னோமே. ஃபயர் சீஃபும் நானும் கூப்பிட்டு உக்காரவச்சு எல்லாம் சொன்னோம். அவனுக்கு ஃபயர் மார்ஷல் வேலை ஒதுக்கியிருக்கு. கட்டடம் கட்டடமா சோதனை போடற வேலை. வெள்ளைச் சட்டை. பென்ஷனுக்கு ரெண்டு வருஷம்தானே, ஒரு குறையும் வராது. நான் நினைச்சேன், உங்க வீட்டுல பேசிக்கிட்டிருப்பீங்கன்னு..."

திரும்பி வரும்போது கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஒரு கோதுமை லாரி, பின்னால் தபால் வண்டி. ட்வைலா எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வியர்வை கழுத்தில் இறங்கியது. கடைக்கு அரை மணி தாமதம், சம்பளத்தில் பிடிப்பார்கள். அதெல்லாம் மனசில் படவே இல்லை. ஒரு பெட்டியின் பக்கவாட்டில் யாரோ பெயிண்டால் கிறுக்கியிருந்த பெரிய நீல எழுத்தை, அது என்ன எழுத்து என்றே புரியாமல், வண்டி நகருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ராய்ஸ் அடுப்பில் நின்றான். அவனுக்கு அது விடுமுறை நாள். நிலையத்தில் தன் ஆட்களுக்குச் சமைத்துப் பழகின கை. பயறு காலையிலிருந்து பன்றிக்கால் எலும்போடு வெந்துகொண்டிருந்தது. சோள ரொட்டி இரும்புச் சட்டியில் பொன்னாக எழும்பியிருந்தது. தோட்டத்து வெண்டைக்காயை வட்டவட்டமாக நறுக்கி, சோளமாவில் புரட்டி வைத்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"கையைக் கழுவு. இந்த வருஷத்து முதல் வெண்டைக்காய்," என்றான், திரும்பாமல்.

"வெண்டல் அலுவலகத்துக்குப் போனேன்."

அவன் கை நின்றது.

"எண்ணெய் காயுது. கொஞ்சம் பொறு, இதைப் போட்டுட்டு..."

"எண்ணெய் கெடக்கட்டும். எப்பத் தெரியும் உனக்கு?"

அடுப்பைத் தணித்தான். துணியை எடுத்துக் கையைத் துடைத்தான், ஒவ்வொரு விரலாக.

"பிப்ரவரி கடைசியில."

"நான் வழுக்கி விழுந்த வாரமா?"

"ஆமா."

"அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"ட்வைலா, அது எதுக்கு இப்ப..."

"முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. ஒரு நாள் முன்னாடி."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், உட்காரவில்லை.

"ஐஸ் வச்சு விட்டியே. இதே நாற்காலியில என்னை உக்காரவச்சு, முட்டி போட்டு, துணி சுத்தி விட்டியே. நான் இனிமே போகலைன்னு சொன்னேன். நீ என்ன சொன்னே?"

ராய்ஸ் கைத்துணியை மடித்து அடுப்போரம் வைத்தான்.

"'இன்னும் நாலு தெருதான், முடிச்சிரு'ன்னு சொன்னே."

"முடிக்காம விட்டிருந்தா தோத்திருக்கும்!" அவன் குரல் ஏறியது. "அறுபத்தொரு ஓட்டு. அந்த நாலு தெரு இல்லைன்னா தோத்திருக்கும். தோத்திருந்தா வடக்குலயும் ஆளைக் குறைச்சிருப்பான். மொத்தமா பதினாலு பேருக்கு வேலை போயிருக்கும். இப்ப அஞ்சு பேரு, மீதி ஆளை வடக்குல சேர்த்துக்கறாங்க. ஒரு ஸ்டேஷனாவது பிழைச்சுதுல்ல? எனக்கு வேற வழி சொல்லு பார்ப்போம்."

"நான் வடக்குல ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டலையே, ராய்ஸ். தட்டினதெல்லாம் தெக்குல. வடக்கு ஸ்டேஷனைக் காப்பாத்தறதுக்குத் தெக்குக்காரன் ஓட்டை நான் பிடுங்கிக் கொடுத்திருக்கேன்."

"உன்கிட்டச் சொல்லியிருந்தா நீ ஒரு வீட்டுக்கும் போயிருக்கமாட்டே."

"மாட்டேன்."

"அதான். உனக்குப் பொய் சொல்ல வராது. ஊரே அதைத்தான் நம்புது. அதனால நீ உண்மைன்னு நினைச்சதையே சொல்ல விட்டேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்ததுபோல இருந்தது. ஒரு அடி முன்னால் வந்தான். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"அந்தப் பையன்களுக்குத் தெரியுமா?" என்றாள். "பெக்கான் பை சுட்டுக் கொண்டுபோனேனே அன்னைக்கு. சங்கு அடிக்கச் சொன்னாங்களே."

"தெரியாது. சீஃப் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு..."

"மார்ஷல் வேலையை எப்பச் சொன்னாங்க? அதே நாளா?"

"எனக்கு ஐம்பத்தெட்டு வயசு, ட்வைலா. முதுகு போயிருச்சு. பென்ஷனுக்கு ரெண்டு வருஷம். இப்ப அனுப்பிட்டா பாதிதான் வரும். நமக்காகத்தான்..."

"நமக்காகன்னு சொல்லாதே. நான் அதுல இல்ல."

வெண்டைக்காயை அன்று யாரும் பொரிக்கவில்லை. மாவு ஊறி, தட்டில் கொழகொழவென்று கிடந்தது. ட்வைலா அதை எடுத்து வெளியே கொட்டிவிட்டு வந்து, மகள் கல்யாணமாகிப் போனபின் காலியாகக் கிடந்த அறையில் தன் படுக்கையைப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாளில் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. ஐந்து பேருக்கு வேலை போகிறது, ராய்ஸ் ப்ரூவிட்டுக்கு வெள்ளைச் சட்டை கிடைக்கிறது என்றால், சனங்கள் கூட்டிப்பார்க்க ஆர்டித் தேவையில்லை. கடையில் ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுதான் ட்வைலாவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அவள் கவுண்டரில் ஆளே இல்லாமல் அவள் நிற்பாள். பக்கத்துக் கவுண்டரில் எட்டுப் பேர் தள்ளுவண்டியோடு காத்துக்கிடப்பார்கள்.

மாரிசெலா மட்டும் நேராக வந்தாள். ரப்பர் பட்டையில் சாமானை ஒவ்வொன்றாக வைத்தாள். அரிசி, பயறு, முட்டை, குழந்தையின் இழுப்புக்கு ஆவி பிடிக்கிற உப்புநீர்.

"நல்ல வேலையாமே உங்க வீட்டுக்காரருக்கு?"

"மாரிசெலா, எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது."

"உங்க வீட்டுல ரெண்டே பேருதானே?"

"ஆமா."

"ரெண்டு பேரு இருக்கிற வீட்டுல, ஒருத்தருக்குத் தெரிஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாது. அப்படித்தானே?" பணத்தை எண்ணி வைத்தாள். "நான் மேயரை நம்பல, மிஸ் ட்வைலா. அதை நீங்க ஞாபகம் வச்சுக்கணும்."

அன்றைக்கு ட்வைலாவுக்கு ஒன்று விளங்கியது. தான் பொய் சொல்லவில்லை என்று ஊருக்குச் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. தன் புருஷன் தன்னை ஏமாற்றினான் என்று சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டவனை ஊர் முன்னால் நிறுத்த வேண்டும். சொல்லாவிட்டால் பொய்க்காரி என்ற பெயரோடு அந்தக் கவுண்டரில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப்பார்த்தாள். கடவுளும் எதுவும் சொல்லவில்லை.

பட்ஜெட் மீதான பொதுக் கூட்டம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு. மேற்கே கருமேகம் திரண்டு நின்றது, மழை இறங்கவில்லை. நகர்மன்றக் கூடத்தில் நாற்காலி பத்தாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். தெற்குப் பக்கத்துச் சனங்கள் ஆலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஃபயர் சீஃப், அவர் பக்கத்தில் ராய்ஸ், இஸ்திரி போட்ட சீருடையில். காலையில் அவனே இஸ்திரி போட்டுக்கொண்டான். வீட்டிலிருந்து இரண்டு பேரும் இரண்டு வண்டியில் வந்தார்கள்.

பேச விரும்புகிறவர்கள் பெயர் எழுதிக்கொடுக்க வேண்டும், ஆளுக்கு மூன்று நிமிஷம். ஆர்டித் பத்திரிகையை நீட்டிக்கொண்டு எண்களைப் பேசினாள். மேயர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வேலை போகிற பையன் ஒருவன் பேச வந்து, நான்கு வார்த்தைக்குமேல் முடியாமல் திரும்பிப்போனான். ஏழாவது பெயர் ட்வைலா ப்ரூவிட்.

ஒலிபெருக்கி அவளுக்கு உயரமாக இருந்தது. வளைத்து இறக்கினாள், அது கிறீச்சிட்டது.

"என்னை எல்லாருக்கும் தெரியும். நான் இருநூத்திப் பதினாலு வீட்டுக் கதவைத் தட்டினேன். இந்தக் காசு தெக்கு ஸ்டேஷனுக்குன்னு சொன்னேன். அது பொய். நான் சொல்றப்ப அது பொய்ன்னு எனக்குத் தெரியாது."

சுவரோரம் யாரோ, "ஆமா ஆமா," என்று இழுத்தார்கள். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது.

"சிரிங்க. எனக்கும் இது வேற யாராவதா இருந்தா சிரிப்புத்தான் வரும்." அவள் மேயரைப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தாள். "ராய்ஸ், எந்திரி. எந்திரிச்சு நின்னு இவங்களுக்குச் சொல்லு. எப்பத் தெரியும் உனக்கு? என்கிட்ட எப்பச் சொன்னே?"

ராய்ஸ் எழுந்தான். தொப்பி கையில் இருந்தது. வாய் திறந்தது. அவன் திரும்பி, சுவரோரம் நின்ற தன் பையன்களைப் பார்த்தான், பிறகு சீஃபைப் பார்த்தான். சீஃப் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடி ட்வைலா அவனுக்காக வேண்டிக்கொண்டாள் என்றே சொல்லலாம். சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று அவளுக்கு இருந்தது.

மேயர் மரச் சுத்தியலைத் தட்டினார். "ட்வைலா, கூட்டத்துல இருக்கிறவங்களைக் கேள்வி கேக்க விதி இல்ல. மன்றத்தைப் பார்த்துத்தான் பேசணும்."

ராய்ஸ் உட்கார்ந்துவிட்டான்.

சுத்தியல் தட்டினதற்காக உட்கார்ந்தவன்போல உட்கார்ந்தான். ஆனால் அந்த முதுகு தளர்ந்ததை அவள் பார்த்தாள். தப்பித்த முதுகு அது.

"எனக்கு இன்னும் நேரம் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒரு நிமிஷம் இருபது விநாடி," என்றாள் குறிப்பு எழுதுகிறவள்.

"வேண்டாம். அதையும் நீங்களே வச்சுக்கோங்க."

மன்றத்தில் ஓட்டெடுத்தார்கள். நான்குக்கு ஒன்று. எதிர்த்துக் கை தூக்கியவர் தெற்குப் பக்கத்துக் கவுன்சிலர் மட்டும். பட்ஜெட் நிறைவேறியது. அடுத்த விஷயமாக நீச்சல் குளத்துக் கட்டணத்தை எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே மழை பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்திருந்தது. வண்டிகளுக்கு நடுவே மாரிசெலா அவளை நிறுத்தினாள்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு இப்ப நம்பறேன்."

"நன்றி, மாரிசெலா."

"நன்றி எதுக்கு? நான் நம்பறதால என் புள்ளைக்கு என்ன ஆகப்போகுது? கேட்டுல வண்டி நிக்கும்ல?"

மாரிசெலா மழையில் நனைந்துகொண்டே தன் வண்டியைப் பார்த்துப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் ராய்ஸ் துணிமணிகளையும் தூண்டில்களையும் எடுத்துக்கொண்டு வடக்கே தன் அண்ணன் வீட்டுக்குப் போனான். போ என்று ட்வைலா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "கொஞ்ச நாள்," என்றான் அவன். அவள் அதைத் திருத்தவில்லை. ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலம் இரண்டாம் நிலையத்தின் வண்டியை வடக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். பையன்களில் ஒருவன் கேட்டைத் தாண்டும்வரை சங்கை விடாமல் அடித்துக்கொண்டே போனான்.

ஜூலை முதல் தேதி கடைக்கு ஆள் வந்து இயந்திரங்களில் புது வரியை ஏற்றிவிட்டுப் போனான். இரண்டு நிமிஷ வேலை. அதன்பிறகு ஒவ்வொரு ரசீதிலும் அந்தத் தொகை தானாகவே விழுந்தது. சனங்கள் மெல்ல மெல்ல அவள் கவுண்டருக்கும் வர ஆரம்பித்தார்கள், பக்கத்து வரிசை ரொம்ப நீளமாகிற நாட்களில்.

பத்தாம் தேதி வாக்கில் ஃபயர் மார்ஷல் கடைக்குச் சோதனைக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, நெஞ்சில் புது வில்லை, கையில் அட்டை. பின்கதவின் வெளிச்சப் பலகை எரிகிறதா என்று பார்த்தான். தீயணைக்கும் உருளைகளைத் தூக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டான். மேலாளரிடம் கையெழுத்து வாங்கினான். பிறகு அலமாரிகளுக்கு நடுவே கொஞ்சநேரம் நின்றுவிட்டு, ரொட்டி, காபித் தூள், ஒற்றை ஆளுக்கான சூப் டப்பா இரண்டு எடுத்துக்கொண்டு வந்தான். மூன்று கவுண்டர் திறந்திருந்தது. அவன் ட்வைலாவின் வரிசையில் போய் நின்றான். அவனுக்குப் பின்னால் மாரிசெலா, தள்ளுவண்டியில் குழந்தையோடு.

ரப்பர் பட்டை நகர்ந்தது. ட்வைலா ரொட்டியை எடுத்தாள், கருவியில் காட்டினாள். காபியை எடுத்தாள்.

"இளைச்சுட்டே," என்றான் ராய்ஸ், தணிந்த குரலில்.

அவள் சூப் டப்பாவைக் காட்டினாள். கருவி ஒரு தடவை ஒலித்தது, இன்னொரு தடவை ஒலித்தது.

"தோட்டத்துல வெண்டைக்காய் முத்திப்போயிருக்கும். ஞாயித்துக்கிழமை வந்து பறிச்சுக் கொடுத்துட்டுப் போகவா? ட்வைலா?"

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். தினம் நூறு பேரைப் பார்க்கிற பார்வை அது, மரியாதையில் குறைவில்லாதது.

"வரி சேர்த்து பதினாலு டாலர் எழுபது சென்ட்டுங்க," என்றாள். "பை வேணுங்களா உங்களுக்கு?"

ராய்ஸ் இருபது டாலர் நோட்டை நீட்டினான். மீதியை அவள் அவன் உள்ளங்கையில் வைக்காமல் மேடைமேல் வைத்தாள். அவன் அதைப் பொறுக்கிக்கொண்டு, பை இல்லாமல், சாமான்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க, பின்னால ஆளு நிக்கிறாங்க," என்றாள் ட்வைலா. பிறகு அவனைத் தாண்டிக் கையை நீட்டினாள். "வா மாரிசெலா. அந்தத் தண்ணி டப்பாவைத் தூக்காதே, கனமா இருக்கும். நான் வந்து எடுத்துக்கறேன்."